ஒரு கட்டில், ஒரு தாழ்ப்பாள்: எல்லையோரப் பண்ணை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பண்ணை நிர்வாகத்தாருக்கு வணக்கம்.

ஆடி மாதக் கடைசி ஞாயிறு, டிக்கெட் வாங்கிச் சுற்றிப் பார்க்க வந்த உங்கள் பண்ணையில் மாற்றுத்திறனாளியான என் மகனுக்கு டயப்பர் மாற்ற இடமில்லாமல் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் மேலாளர் தம்பி மறுநாளே போன் செய்து வருத்தப்பட்டார், டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் சொன்னார். பணம் வேண்டாம், இவனைப் போன்றவர்களுக்கு உடை மாற்ற ஒரு அறை வேண்டும் என்றேன். "மேல பேசிட்டுச் சொல்றேங்க்கா" என்றார். மேலே யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, அதனால் எல்லாருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். நிற்க மாட்டான், பேச்சு இல்லை, டயப்பர் போட்டுத்தான் வெளியே கூட்டிப் போக முடியும். எடை முப்பது கிலோவைத் தாண்டிவிட்டது. உங்கள் கேட்டில் உயரம் பார்த்து டிக்கெட் போடுகிறார்கள்; சக்கர நாற்காலியில் இருப்பவனை எப்படி அளப்பது என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, காலை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் பெரியவர் டிக்கெட்டையே கிழித்துக் கொடுத்தார்கள். சரி, வாங்கிக்கொண்டோம்.

உள்ளே அவன் சந்தோஷமாக இருந்தான் என்பதையும் சொல்ல வேண்டும். அகத்திக் கீரைக் கட்டை அவன் மடியில் வைத்ததும் ஒரு கறுப்பு ஆடு வந்து இழுத்தது, இவன் விடவில்லை, அது இழுக்க இவன் இழுக்க, வாய்விட்டுச் சிரித்தான். என் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்காகத்தான் கேரளப் பக்கம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து செக்போஸ்ட் தாண்டி வந்தோம்.

அப்புறம் டயப்பர் மாற்ற வேண்டி வந்தது. பெண்கள் கழிப்பறை வாசலில் இருந்த அம்மா, "பெரிய பையனாட்டம் இருக்கானுங்களே, மத்தவங்க சங்கடப்படுவாங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அவன் அப்பா வேலைக்கு வெளியூரில் இருக்கிறார், ஆண்கள் பக்கம் நான் போக முடியாது, போனாலும் அங்கே படுக்க வைக்க ஈரத் தரைதான். சக்கர நாற்காலிப் படம் போட்ட கதவு ஒன்று இருந்தது, பூட்டியிருந்தது. சாவி தோட்டக்காரரிடம் என்றார்கள். அவரைத் தேடிப் பிடித்துத் திறந்தால் உள்ளே துடைப்பம், பினாயில் கேன், உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகள். எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டிருந்தாலும் அங்கே உட்காரும் பீங்கானும் ஒரு கைப்பிடிக் கம்பியும்தான் இருக்கின்றன, உட்கார முடியாதவனை எங்கே கிடத்துவது? சுவரில் மாட்டியிருக்கும் மடக்குப் பலகை கைக்குழந்தைக்கு மட்டும்தான் ஆகும்.

கன்றுக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய், தீவனச் சாக்கு இரண்டை விரித்து, அதன் மேல் என் துப்பட்டாவைப் போட்டு மாற்றினேன். சாக்கையும் கொடுத்து, மறைவுக்குத் தன் துண்டையும் பிடித்துக்கொண்டு நின்றவர் அங்கே சாணி அள்ளும் அக்கா, அவருக்கு என் நன்றி. ஆனால் பாலக்காட்டுக் கணவாயில் ஆடி மாதம் எப்படிக் காற்றடிக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? துண்டு நிற்கவில்லை. டிராக்டர் டிரெய்லரில் சுற்றிப் பார்க்க வந்த ஒரு கூட்டம் சரியாக அந்த நேரம் வளைவில் திரும்பியது. என் மகனுக்குப் பேச்சு இல்லை, ஆனால் வெட்கம் உண்டு. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

கொட்டகைக்கு உள்ளே கன்றுகளுக்கு ரப்பர் மேட், மின்விசிறி, 'கன்று தூங்குகிறது, சத்தம் போடாதீர்கள்' என்று தமிழிலும் மலையாளத்திலும் பலகை. கன்றுகள் நன்றாக இருக்கட்டும். அடுத்த தடவை என் மகனையும் கன்று என்று சொல்லி உள்ளே விட்டுவிடுகிறேன், டிக்கெட்டும் மிச்சம்.

சட்டம் பேச ஆசையில்லை, ஆனால் "தனியார் இடங்க்கா, எங்களால முடிஞ்சதுதான் செய்ய முடியும்" என்று தம்பி சொன்னதால் சொல்கிறேன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் நிறுவனங்களையும் சேர்த்துத்தான் பேசுகிறது. மக்களுக்குச் சேவை தருகிற யாரும் அதற்கு வெளியே இல்லை. இந்த வசதிகளைச் 'செய்தால் நல்லது' என்கிற அளவில் விட்டால் போதாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இங்கிலாந்தில் 2021 முதல் புதிதாகக் கட்டும் பெரிய பொதுக் கட்டடங்களில் இப்படிப்பட்டவர்களுக்காகவே பன்னிரண்டு சதுர மீட்டரில் தனி அறை, பெரியவர்களைப் படுக்க வைக்கும் பெஞ்சு, தூக்கிவிட மோட்டார் எல்லாம் வைக்க வேண்டும். நான் அவ்வளவு கேட்கவில்லை. இடுப்பு உயரத்தில், ஆறடி நீளத்தில் ஒரு கட்டில், உள்பக்கம் தாழ்ப்பாள், ஒரு குழாய், மூடி போட்ட குப்பைத் தொட்டி. உங்கள் செல்பி மேடைக்குப் போட்ட இரும்பில் பாதி போதும்.

எங்கே போனாலும் இதே கதைதான். கல்யாண மண்டபம், கோயில், பஸ் ஸ்டாண்ட், ஆஸ்பத்திரி என்று எங்கும் இவர்கள் வருவார்கள் என்கிற நினைப்பே கட்டியவர்களுக்கு இருந்ததில்லை. வாசலில் ஒரு சாய்தளம், அதன் மேல் பைக், அவ்வளவுதான். முழுநேரமும் கூடவே இருந்து பார்த்துக்கொள்பவருக்குக் கேரள அரசு ஆஸ்வாசகிரணம் என்று மாதம் 600 ரூபாய் வைத்திருக்கிறது, உங்கள் பண்ணையில் எங்கள் மூன்று பேர் டிக்கெட்டுக்கே அது பத்தாது. அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள், விடுங்கள். உங்களால் முடிந்ததை மட்டும் கேட்கிறேன்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக எங்கள் பஞ்சாயத்து நடத்தும் பட்ஸ் பள்ளியில் மற்ற அம்மாக்கள் "இடம் எப்படிங்க, பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகலாமா" என்று கேட்கிறார்கள். ஆடு நன்றாக விளையாடும், ஆனால் டயப்பர் மாற்ற இடமில்லை, நாலு மணி நேரத்துக்கு மேல் இருக்க முடியாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தயவுசெய்து அந்தப் பூட்டிய அறையை முதலில் காலி செய்யுங்கள், சாவியை டிக்கெட் கவுண்டரில் வையுங்கள், உள்ளே ஒரு கட்டில் போடுங்கள். இடம் பத்தாவிட்டால் பின்சுவரைக் கொஞ்சம் தள்ளிக் கட்டலாம், அங்கே காலி நிலம்தான் இருக்கிறது, பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஆயுத பூஜை விடுமுறைக்கு முன்னால் முடிந்தால் நல்லது. மேலாளர் தம்பியிடம் என் நம்பர் இருக்கிறது, வேலை முடிந்ததும் கூப்பிடச் சொல்லுங்கள். பெரியவர் டிக்கெட்டே வாங்கிக்கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு அம்மா