ஆர்புரோத் கடைவீதியைப் பதிவு செய்வோருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள ஆர்புரோத்தில், ஹை ஸ்ட்ரீட்டில் எந்தக் கடைக்கு அடுத்து எது இருந்தது என்று முதியவர்கள் சொல்வது கேட்க இனிமைதான். எழுதி வைப்பவர் மட்டும் சரிபார்த்தாக வேண்டும்.

1855 முதல் ஆண்டுதோறும் எழுதப்பட்ட சொத்து மதிப்பீட்டுப் பதிவேட்டில் கட்டட உரிமையாளர், வாடகைதாரர், ஆண்டு மதிப்பு மூன்றும் உண்டு. பெயர்ப்பலகையில் இருந்த பெயரை அதில் தேடினால் ஏமாற வாய்ப்புண்டு. கடையைத் தொடங்கியவர் மறைந்த பிறகும் பலகை அப்படியே தொங்கும். பதிவேட்டிலோ மருமகன் பெயர் இருக்கும். கதவிலக்கமும் முழுக்க நம்பத்தக்கதல்ல. இரண்டு கடைகளை இடித்து ஒன்றாக்கினால் எண் குழம்பிவிடும். எனவே தெருமூலை, தேவாலயம் என இடம் மாறாத ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு போவதே நல்லது.

பழைய அஞ்சலட்டைப் படங்களில் தபால் முத்திரைத் தேதியை வைத்து ஆண்டைக் கணிக்கக் கூடாது. ஒரே படத்தைப் பல ஆண்டுகள் விற்றார்கள். கடைக் கண்ணாடிக்குள் தெரியும் விலைச்சீட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். பழைய நாணயமான ஷில்லிங்கில் மட்டும் விலை இருந்தால், படம் பெரும்பாலும் பிரிட்டன் தசம நாணய முறைக்கு மாறிய 1971 பிப்ரவரி 15-க்கு முந்தியது.

இன்னொன்று: ஹாடக் மீனை இரண்டிரண்டாக வாலில் கட்டித் தொங்கவிட்டு 'ஸ்மோக்கி' எனும் புகையூட்டிய மீன் போடும் கூடங்களைப் பலர் நினைவில் ஹை ஸ்ட்ரீட்டுக்கே கொண்டுவந்துவிடுகிறார்கள். அவை பெரும்பாலும் துறைமுகப் பக்கத்துத் தெருக்களில்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்