"ஷ-பூம்" உளறல் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன இதழில் ஐம்பதுகளின் அமெரிக்கப் பாட்டுகள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ராக் அண்ட் ரோல் பிறந்த கதையை எழுதிய விதம் பிடித்திருந்தது. ஆனால் டூ-வாப், அதாவது வாத்தியத்துக்குப் பதில் வாயால் ஓசை எழுப்பிக் கூட்டாகப் பாடுகிற பாணி, அதைப் பற்றி இருந்தது ஒரே ஒரு பத்தி, அதிலும் வார்த்தை கிடைக்காத பையன்கள் வாயில் வந்ததை உளறி வைத்தார்கள் என்கிற தொனி, அதோடு "ஷ-பூம்" பாட்டை குரூ கட்ஸ் குழுவின் பாட்டு என்று வேறு போட்டிருக்கிறது. இரண்டுமே தப்பு. நான் எங்கள் ஊர் தேவாலயப் பாடகர் குழுவில் இருபது வருஷமாக பேஸ், அதாவது அடிக்குரல், பாடுகிறவன், இந்த விஷயத்தில் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

முதலில் உளறல் என்ற சொல். நியூயார்க், ஃபிலடெல்ஃபியா, பிட்ஸ்பர்க் மாதிரி நகரங்களில் இந்தப் பாட்டைப் பாடத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பதின்வயதுப் பையன்கள். கிட்டாரோ பியானோவோ வாங்கக் காசில்லாத வீட்டுப் பிள்ளைகள். தெருமுனையிலும் மாடிப்படியிலும் சுரங்க ரயில் நிலையத்திலும் நின்று பாடினார்கள், ஏனென்றால் அங்கே எதிரொலி நன்றாக வரும். வாத்தியம் இல்லை, அதனால் வாயே வாத்தியமானது. அடியில் ஒருவன் "டம் டம் டம்" என்று போடுவது டபுள் பேஸ் என்கிற பெரிய கம்பி வாத்தியம், நடுவில் இரண்டு மூன்று பேர் "ஊ-வா" என்று இழுப்பது சாக்ஸபோன் வரிசை, மேலே ஃபால்செட்டோ என்கிற உச்சக் கள்ளக்குரலில் மிதப்பது வயலின். இதற்கு முன்னோடிகளும் உண்டு. முப்பதுகளிலேயே மில்ஸ் பிரதர்ஸ் என்ற குழுவினர் வாயாலேயே டிரம்பெட் வாசித்தார்கள், கேட்டவர்கள் நம்பமாட்டார்கள் என்பதற்காக ஒரு கிட்டாரைத் தவிர வேறு எந்த வாத்தியமும் இதில் இல்லை என்று இசைத்தட்டின் மேலேயே அச்சடித்தார்கள்.

பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எந்த எழுத்தைப் பாடுவது என்பது அவ்வளவு லேசான முடிவு இல்லை. பேஸ் குரலில் "லா லா" என்று பாடினால் சுரம் வழுக்கிக்கொண்டு போகும், எங்கே தொடங்கியது என்றே தெரியாது. "டம்" என்றால் அந்த "ட" கம்பியைச் சுண்டுகிற விரல், "ம்" சுண்டின பிறகு மரப்பெட்டிக்குள் நிற்கிற அதிர்வு. "பாம்ப்" என்றால் உதடு திறந்து உடனே மூடிக்கொள்ளும், சத்தம் சட்டென்று நறுக்கினாற்போல நிற்கும். "ஷ" சொல்லிப் பாருங்கள், டிரம்மின் மேல் பிரஷ்ஷால் வருடுகிற சத்தம். மிருதங்கக்காரர் "தொம்" என்று சொல்லிக் காட்டும்போது அதற்கு அகராதியில் என்ன பொருள் என்று நாம் கேட்பதில்லையே. நம் இலக்கணத்திலேயே இசைநிறை என்று ஒரு வகை இருக்கிறது, ஓசையை நிறைப்பதற்காகவே வருகிற சொல். அந்தக் கண்ணோடு பார்த்திருந்தால் கட்டுரையாளர் அந்தப் பத்தியை வேறு மாதிரி எழுதியிருப்பார்.

அப்புறம் இந்த ஓசைகளுக்கு அடியில் என்ன ஓடுகிறது என்றும் பார்க்க வேண்டும். "கெட் எ ஜாப்" என்ற பாட்டிலிருந்து கட்டுரை "ஷ ந ந ந" என்கிற வரியை மட்டும் எடுத்துக் காட்டிவிட்டுப் போய்விட்டது. ஃபிலடெல்ஃபியாவின் சிலூயட்ஸ் குழு 1957-இல் பதிவு செய்த பாட்டு, 1958 தொடக்கத்தில் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. குழுவின் ரிச்சர்ட் லூயிஸ் ராணுவத்திலிருந்து திரும்பி வந்து வீட்டில் சும்மா இருந்தபோது, வேலை தேடிப் போ என்று அம்மா சொன்னதுதான் பாட்டுக்கு விதை என்று அவரே சொல்லியிருக்கிறார். பாட்டின் கதை இதுதான்: தினமும் காலையில் வீட்டில் ஒருத்தி ஒருவனை எழுப்பிவிட்டு வேலை தேடு வேலை தேடு என்று கத்துகிறாள், அவனும் செய்தித்தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறான், எதுவும் இல்லை, திரும்பி வந்து சொன்னால் பொய் சொல்கிறாய் என்கிறாள். 1958 அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்துபோன வருஷம், ஆலைகளில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிய வருஷம், அதில் முதலில் வெளியே தள்ளப்பட்டவர்களில் கறுப்பினத் தொழிலாளர்கள் நிறைய. அந்த நேரத்தில் வானொலியில் இந்தப் பாட்டு ஓயாமல் ஓடியிருக்கிறது. எனக்கு அந்த "ஷ ந ந ந"வும் நடுவே வருகிற "யிப் யிப் யிப்"பும் கேட்கும்போதெல்லாம் காதுக்குள் நிற்காமல் கத்துகிற வீட்டுச் சத்தமாகவே கேட்கிறது. நானும் ஒரு வருஷம் வேலையில்லாமல் இருந்திருக்கிறேன், காலையில் காபி டம்ளரை என் முன்னால் வைக்கிற சத்தத்திலேயே இன்றைக்கு என்ன பேச்சு வரும் என்று தெரிந்துவிடும். இதை உளறல் என்று சொன்னால் எனக்கு வலிக்கிறது, உண்மையாகவே வலிக்கிறது.

சரி, "ஷ-பூம்" விஷயம். அதை எழுதிப் பாடியது நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியைச் சேர்ந்த கார்ட்ஸ் என்ற கறுப்பினக் குழு, 1954-இல். இசைத்தட்டின் பின்பக்கத்தில்தான் முதலில் போட்டார்கள், முன்பக்கத்தில் இருந்தது பாட்டி பேஜ் (Patti Page) என்ற பாடகி பாடிப் பெயர்பெற்ற வேறொரு பாட்டு. கேட்டவர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள், பாட்டு முதல் பத்துக்குள் ஏறியது. அந்தக் கோடையிலேயே கனடாவிலிருந்து வந்த வெள்ளையர் குழுவான குரூ கட்ஸ், பெரிய கம்பெனி ஒன்றின் பலத்தோடு அதே பாட்டை மழுக்கிப் பாடி முதலிடத்தைப் பிடித்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். கார்ட்ஸ் பாடும்போது ஒவ்வொரு ஓசையும் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி விளையாடுகிற மாதிரி இருக்கும், மற்றதில் அதே ஓசைகள் ஒழுங்காக வரிசையில் நிற்கும். கார்ட்ஸுக்குக் கடைசியில் பெயர்கூட மிஞ்சவில்லை, அந்தப் பெயரில் ஏற்கெனவே இன்னொரு குழு இருந்ததால் கார்ட்கேட்ஸ் என்று மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. எழுபது வருஷம் கழித்து நம் பத்திரிகையும் பாட்டை மற்றவர்களிடமே கொடுத்திருக்கிறது. அதைத் திருத்திவிடுங்கள்.

கட்டுரை இன்னொன்றையும் குழப்பியிருக்கிறது. ஓசைப் பாட்டு வேறு, வேடிக்கைப் பாட்டு வேறு. கோஸ்டர்ஸ் குழு பாடிய "யாக்கெட்டி யாக்" (1958), "சார்லி பிரவுன்" (1959) எல்லாம் இரண்டு நிமிஷ அளவில் அடங்குகிற நாடகங்கள், லீபர், ஸ்டோலர் என்ற பாட்டெழுதும் ஜோடி எழுதியவை, ஒவ்வொரு வார்த்தைக்கும் பொருள் உண்டு. குப்பையை வெளியே கொண்டுபோய்ப் போடு, இல்லையென்றால் செலவுக்குக் காசு இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள், எதிர்த்துப் பேசாதே என்று டப் ஜோன்ஸின் பேஸ் குரல் அப்பாவாக உறுமுகிறது. அந்த உறுமலுக்காகவே நான் அதை எத்தனை தடவை போட்டிருப்பேன்.

இரண்டும் சேர்கிற இடமும் இருக்கிறது. ரிவிங்டன்ஸ் 1962-இல் பாடிய "பாப்பா-ஊம்-மௌ-மௌ" அப்படி ஒன்று. அதையும் அவர்களுடைய அடுத்த பாட்டு ஒன்றையும் சேர்த்துத் தைத்து டிராஷ்மென் என்ற குழு 1963-இல் "சர்ஃபின் பேர்ட்" என்று வெளியிட்டது, எழுதியவர் பெயரில் தங்கள் ஆளைப் போட்டுக்கொண்டது. வழக்கு என்று எச்சரிக்கை வந்த பிறகே ரிவிங்டன்ஸ் பெயர் சேர்ந்தது. பொருளே இல்லாத ஓசை என்றால் அதற்குச் சொந்தக்காரன் எதற்கு என்று நினைப்பார்கள் போல.

இதைவிடக் கனமானது டோக்கன்ஸ் குழு 1961-இல் பாடிய சிங்கப் பாட்டு. அதில் திரும்பத் திரும்ப வருகிற "விமோவே"யை உலகமே வெறும் ஓசை என்று நினைத்துக்கொண்டு பாடியது. அது தென்னாப்பிரிக்காவின் சூலு மொழி. ஜோகன்னஸ்பர்க்கில் 1939-இல் சாலமன் லிண்டா தன் குழுவோடு "ம்பூபே" என்று, அதாவது சிங்கம் என்று, பதிவு செய்த பாட்டில் "உயிம்பூபே", நீ ஒரு சிங்கம், என்று வரும். அமெரிக்காவில் பீட் சீகர் என்ற நாட்டுப்பாடகர் தட்டைக் கேட்டு எழுதிக்கொண்டபோது அது "விமோவே" என்று காதில் விழுந்திருக்கிறது. லிண்டா 1962-இல் வறுமையிலேயே இறந்தார், அவர் மகள்களுக்கு நியாயமான பங்கு கிடைக்க 2006 வரை ஆனது. ஒருவருடைய மொழி இன்னொருவர் காதில் உளறலாகி, அந்த உளறல் என்ற பெயராலேயே பணமும் கைமாறிப் போனது. அதனால்தான் அந்தச் சொல்லை யார் எழுதினாலும் நான் கொஞ்சம் நிறுத்திப் படிக்கிறேன்.

கட்டுரை முடிவில் பாரி மான் 1961-இல் பாடிய பாட்டைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள், "பாம்ப் பாம்ப்" என்பதை எல்லாம் பாட்டுக்குள் கொண்டுவந்து வைத்தது யார், அவர் கையைக் குலுக்க வேண்டும் என்று கேட்கிற பாட்டு. நல்ல கேள்வி, அதற்குப் பதிலும் இருக்கிறது. "ப்ளூ மூன்" பழைய மெல்லிசைப் பாட்டு, 1934-இலேயே வந்தது, அதை 1961-இல் மார்செல்ஸ் பாடியபோது தொடக்கத்திலேயே "பாம்ப பபாம்" என்று உலுக்கியவர் ஃபிரெட் ஜான்சன். பதின்மூன்று வயது ஃபிராங்கி லைமன் 1956-இல் டீனேஜர்ஸ் குழுவோடு வெளியிட்ட "ஒய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்" பாட்டின் முதல் நொடியில் கேட்கிற அந்த ஆழமான குரல் ஷெர்மன் கார்ன்ஸ். "கெட் எ ஜாப்"பின் அடியில் நிற்பவர் ரேமண்ட் எட்வர்ட்ஸ். இவர்களுக்கெல்லாம் முன்னால் ரேவன்ஸ் குழுவில் ஜிம்மி ரிக்ஸ். பேஸ் பாடுகிறவர்களுக்கு இந்தப் பெயர்கள் மனப்பாடம். அடுத்த இதழில் கார்ட்ஸ் பற்றிய திருத்தம் போடும்போது, இடம் இருந்தால் இந்த நான்கு பெயர்களையும் சேர்த்துப் போடுங்கள்.

அன்புடன்,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
நாகர்கோவில்