அரை லிட்டர் தண்ணீரும் ஒரு நூல் சேலையும்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்காக அம்மாவுக்குக் கரண்ட் வைப்பது, அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, முந்தாநாளோடு முடிந்தது. வெளியிலிருந்து 25 நாள், அப்புறம் கர்ப்பப்பை வாய்க்குப் பக்கத்திலேயே குழாய் வைத்து உள்ளிருந்து கொடுத்தது மூன்று தடவை. விசாரித்தவர்கள், ரத்தம் கொடுத்தவர்கள், பணம் அனுப்பிவிட்டு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர்கள், எல்லோருக்கும் நன்றி. நடந்தது உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்லத் தெம்பில்லை. உங்களுக்குத் தெரியாத ஒருவரைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அவர் கதிர்வீச்சுப் பிரிவில் தரை துடைக்கும் அக்கா. பேர் போட்டால் சூப்பர்வைசர் கேள்வி கேட்பார் என்றார், அதனால் போடவில்லை.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் கரண்ட் வைக்கும்போது மூத்திரப்பை நிரம்பியிருக்க வேண்டும். காலியாக இருந்தால் சிறுகுடல் சரிந்து இடுப்புக்குள் இறங்கி, கதிர் பாயும் இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். நிரம்பிய பை அதை மேலே தள்ளி வைக்கும். சிகிச்சையைத் திட்டமிட முதலில் எடுத்த ஸ்கேன் படத்தில், கதிர் அளவைக் கணக்குப் போடும் ஃபிசிசிஸ்ட் இதைக் காட்டினார். குடலில் அதிகம் பட்டால் இப்போது பேதி, வருஷங்கள் கழித்துக்கூட அடைப்பு வரலாம் என்றார். மெஷினுக்குள் சின்னச் சின்னத் தகடுகள் நகர்ந்து, கட்டியின் வடிவத்துக்கு ஏற்றபடி கதிரை மறைத்துக் கொடுக்கின்றன. கோடிக்கணக்கில் விலை. ஆனால் குடலை ஒரு விரற்கடை தள்ளி வைக்க அதனால் ஆகாது. அதற்கு அம்மாதான் தண்ணீர் குடிக்க வேண்டும். முதலில் பாத்ரூம் போய்விட்டு வந்து, அரை லிட்டர் குடித்து, முக்கால் மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். ஸ்கேன் அன்றைக்கு இருந்த அளவே தினமும் இருக்க வேண்டும்.

அம்மா வெளியே கிளம்பினால் தண்ணீர் குடிக்காதவள். கல்யாணமோ சாவோ, காலையில் ஒரு வாய் காபியோடு பஸ் ஏறினால் வீடு திரும்பும்வரை தொண்டையை நனைக்க மாட்டாள். போக இடம் எங்கே இருக்கிறது என்ற பயம் நாற்பது வருஷமாக உடம்பில் ஊறியது. எனக்கு அது உறைக்கவில்லை. பாட்டிலை நீட்டி, "குடிம்மா, குடிச்சாத்தானே" என்று முதல் வாரம் முழுக்க அதட்டிக்கொண்டிருந்தேன். பாதி குடித்துவிட்டு முடித்துவிட்டதாகச் சொல்வாள். ஸ்கேனில் பை நிரம்பவில்லை என்று டெக்னீஷியன் திருப்பி அனுப்புவார்.

துடைப்பத்தை ஓரமாகச் சாத்திவிட்டு வந்தது அந்த அக்காதான். பாட்டிலை என்னிடமிருந்து வாங்கி ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினார். "பாட்டிலைப் பாத்தாலே மலைப்பா இருக்கும் பெரியம்மா. மூணு டம்ளர், அவ்ளோதான். எப்ப குடிக்கணும்னு நான் சொல்றேன்." உள்ளே எட்டிப் பார்த்து, முன்னால் எத்தனை பேர் என்று எண்ணி வந்து சொல்வார். "பாத்ரூம் கழுவி வச்சிருக்கேன், முடிஞ்சதும் நேரா வாங்க." இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் அம்மா காத்திருந்தாள் போலிருக்கிறது. மறுநாளிலிருந்து மூன்று டம்ளரும் ஒழுங்காக உள்ளே போயின.

மூன்றாவது வாரம் ஒருநாள் மெஷின் நின்றுவிட்டது. அம்மா குடித்து முடித்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. இதோ சரியாகிவிடும் என்றார்கள், பத்து நிமிஷம் என்றார்கள். எழுந்து போனால் முறை போய்விடும் என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். முடியவில்லை. நாற்காலியிலேயே சேலை நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்து மடியை மூடிக்கொண்டு குனிந்தவள் நிமிரவே இல்லை. நான் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன், ஒத்துக்கொள்கிறேன்.

அக்கா வாளியோடு வந்தார். வேண்டுமென்றே கொஞ்சம் தண்ணீரைத் தரையில் சாய்த்தார். "ஐயோ பெரியம்மா, உங்க மேல கொட்டிட்டேனே, மன்னிச்சிடுங்க" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். திரும்பி வரும்போது அம்மா ஒரு கத்தரிப்பூ நிற நூல் சேலையில் இருந்தாள். அது அக்கா காலையில் வீட்டிலிருந்து கட்டி வந்தது. அன்று அவர் யூனிஃபார்மோடே வீட்டுக்குப் போயிருக்கிறார். அது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. மெஷின் சரியானதும் மறுபடி முதலிலிருந்து மூன்று டம்ளர்.

சேலையைத் துவைத்து மடித்து, கூடவே ஒரு புதுச் சேலையும் வைத்துக் கொடுத்தேன். பழையதை மட்டும் எடுத்துக்கொண்டார்.

டாக்டர்கள், கீமோ வார்டு சிஸ்டர்கள், உள்ளே வைக்கும் நாட்களில் மூத்திரப்பையையும் மலக்குடலையும் துணி அடைத்துத் தள்ளி வைத்த கைகள், காப்பீட்டு அட்டைக்காக என்னோடு அலைந்த தம்பி, ரசம் சாதம் கொண்டுவந்த எதிர்வீட்டு அத்தை, உங்கள் எல்லோருக்கும் நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது. இனி யாரையாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் டாக்டரைத் தேடும் முன் பாத்ரூம் எங்கே என்று பார்த்து வைப்பேன். அம்மாவை அதட்டவும் மாட்டேன், முடிந்தவரை.

நேற்று ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில், செங்கல்பட்டு தாண்டியதும் அம்மாவே பாட்டிலைக் கேட்டாள். அண்ணாந்து கடகடவென்று குடித்தாள். மூடியைத் திருகிக்கொண்டே, "கண்டக்டர் கிட்ட சொல்லி வை, திண்டிவனத்துல நான் எறங்கி ஏறணும்" என்றாள்.