சுவரோவியங்களுக்குப் பராமரிப்பும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் மங்கிய சுவரோவியங்களை அழித்து வெள்ளையடிப்பது பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். 2019 இறுதியில் நாடெங்கும் இளைஞர்கள் சொந்தச் செலவில் தீட்டிய ஓவியங்கள் பலவும் இப்படித்தான் வெளிறின. வரைவதற்கு இருந்த உற்சாகம் பராமரிப்பதில் இருக்கவில்லை. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை மதிலை அயலவர் 40 பேர் 11 மாதங்களாக வரைந்து சென்ற மாதம்தான் முடித்தோம். உப்புக்காற்றில் அடிப்பூச்சு இருமுறை கொப்புளித்தது. சுரண்டிவிட்டு மறுபடி தொடங்கினோம். கடைசி நாளன்று ஆச்சி ஒருவர் தாம் தீட்டிய நாகலிங்கப்பூவைத் தடவியபடி வெகுநேரம் நின்றார். அந்தப் பூ அடுத்த மழைக்காலத்தைத் தாண்டுமா என்பதே என் கவலை.

சுவருக்கு அனுமதி வழங்கும்போதே ஆண்டுதோறும் திருத்துவதற்கான பெயின்ற் செலவையும் மாநகர சபை ஒதுக்கட்டும். அழிக்கும் முன் வரைந்தவர்களை அழைத்துக் கேட்கட்டும்.

வாசகர்,
வெள்ளவத்தை.