பன் வாய் பிரிகிறதா? மாவைக் குறை சொல்வதற்கு முன் பூரணத்தைப் பாருங்கள்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மைதாவும் ஈஸ்ட்டும் வாங்கிப் போகிறவர்களில் பலர் அடுத்த முறை வரும்போது ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "பூரணம் வைத்த பன் செய்தேன். ஓவனில் வாய் பிரிந்து, உள்ளே வைத்ததெல்லாம் தட்டில் வழிந்துவிட்டது. மாவு சரியில்லையோ?" கல்லாவில் நின்றபடி இரண்டு வரியில் பதில் சொன்னால் அது பாதிதான் போய்ச் சேருகிறது. அதனால் விரிவாகவே எழுதிவிடலாம் என்று இந்த மடல்.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் குற்றம் மாவில் இல்லை. பூரணத்தில் தங்கிய ஈரம், ஆறாத சூடு, ஓரத்தில் பட்ட எண்ணெய், இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். இவற்றைச் சரிசெய்யாமல் வேறு மாவுக்கு மாறினாலும், விலை கூடிய ஈஸ்ட் வாங்கினாலும் பன் பிரியத்தான் செய்யும். மாவு நன்றாக எழும்பி மெத்தென்று வரச் சேர்க்கும் பிரட் இம்ப்ரூவர் பொடியை நாங்களே விற்கிறோம். ஆனாலும் வீட்டில் செய்து அன்றே சாப்பிடும் பன்னுக்கு அது வேண்டியதில்லை என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறோம்.

ஈரம் ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது? தண்ணீர் ஆவியானால் அதன் கொள்ளளவு ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் பெருகும். பூரணத்தில் ஒரு கரண்டி நீர் மிச்சமிருந்தால்கூடப் போதும், அது வெளியே வர வழி தேடும். மேல்மாவு வெந்து உறுதியாவதற்குள் அந்த ஆவி முட்டினால், மாவில் எந்த இடம் பலவீனமோ அங்கே பிளந்துகொள்ளும். நாம் ஒட்டிய வாய்தான் எப்போதும் அந்தப் பலவீனமான இடம். ஆவியாகாமல் தங்கிய நீரும் சும்மா இருப்பதில்லை. அடிமாவில் ஊறி அதை வேகவிடாமல் செய்துவிடும். மேலே பொன்னிறம், கடித்தால் அடியில் பச்சை மாவு என்று வருவது இதனால்தான்.

இனி மாவு. 500 கிராம் மைதாவுக்கு வெதுவெதுப்பான பால் 300 மில்லி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், உப்பு 9 கிராம், சர்க்கரை 30 கிராம், வெண்ணெய் 40 கிராம். பாலுக்குப் பதில் தண்ணீர் என்றால் 20, 30 மில்லி குறைத்துக்கொள்ளுங்கள். பாலில் நீர் போகக் கொழுப்பும் புரதமும் இருப்பதால் அளவு அப்படியே ஒத்துவராது. பால் கையில் இதமாக இருந்தால் போதும். 60 டிகிரியை நெருங்கும் சூட்டில் ஈஸ்ட் செத்துப்போகும், பிறகு எத்தனை மணி நேரம் மூடி வைத்தாலும் மாவு எழும்பாது.

பத்து நிமிடமாவது அழுத்திப் பிசைய வேண்டும். ஆரம்பத்தில் கையில் ஒட்டும். உடனே மாவைத் தூவாதீர்கள், வீட்டில் பன் கெட்டியாவதற்கு முதல் காரணமே இந்தத் தூவல்தான். நாலைந்து நிமிடம் பொறுத்தால் ஒட்டுவது தானாகக் குறையும். முடிந்ததும் மாவு காது மடலைத் தொட்டது போல மெத்தென்று இருக்க வேண்டும். சின்னத் துண்டு ஒன்றைக் கிள்ளி, இரண்டு கை விரல்களாலும் மெல்ல விரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். கிழியாமல் மறுபக்க விரலின் நிழல் தெரிகிற அளவுக்கு மெலிந்தால் பிசைந்தது போதும். ஆவி உள்ளிருந்து தள்ளும்போது கிழியாமல் தாங்குவது இந்தச் சவ்வுதான்.

இரண்டு மடங்காகும்வரை மூடி வையுங்கள். சுமாரான வெப்பத்தில் ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும், அறை சூடாக இருந்தால் முன்னதாகவே முடிந்துவிடும். கடிகாரத்தைவிடப் பாத்திரத்தைப் பார்ப்பது நல்லது. இரவே பிசைந்து ஃப்ரிட்ஜில் வைத்துக் காலையில் எடுத்தாலும் சரி. வாசனை கூடும், குளிர்ந்த மாவைத் தேய்ப்பதும் சுலபம்.

கோதுமை மாவில் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: செய்யலாம், ஆனால் பாதிக்குப் பாதி மைதா கலந்து ஆரம்பியுங்கள். தவிட்டுத் துணுக்குகள் அந்தச் சவ்வை அறுத்துக்கொண்டே இருக்கும், நீரையும் அதிகம் குடிக்கும். பால் 30, 40 மில்லி கூட்டி, கலந்ததும் இருபது நிமிடம் ஊறவிட்டுப் பிறகு பிசையுங்கள்.

பூரணத்துக்கு வருவோம். மேலே சொன்ன மாவில் 12 பன் வரும், ஒவ்வொன்றும் 70 கிராமுக்குச் சற்று மேல். ஒரு பன்னுக்குப் பூரணம் 45 முதல் 50 கிராம், ஆக மொத்தம் 600 கிராம் போதும். ஆசைப்பட்டு அதற்கு மேல் திணித்தால் மூடவே இழுக்க வேண்டியிருக்கும். இழுத்து மூடியது எதுவும் நிற்காது.

புதிதாகச் செய்கிறவர்கள் உருளைக்கிழங்கிலிருந்து தொடங்குங்கள். அதன் மாவுச்சத்தே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் தப்பு நேர வாய்ப்புக் குறைவு. தோலோடு வேகவையுங்கள், உரித்துத் துண்டு போட்டு வேகவைத்தால் நீர் ஏறிவிடும். மசித்த பின் வெறும் வாணலியில் இரண்டு நிமிடம் புரட்டினால் மிச்ச ஈரமும் போய்விடும்.

அடுத்து முட்டைக்கோஸ், வெங்காயம். பலருக்கும் கவிழ்வது இந்த இடத்தில்தான். வதங்கியதும் அளவு சுருங்குவதைப் பார்த்து "ஆயிற்று" என்று அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். உப்பை ஆரம்பத்திலேயே போடுங்கள். உப்பு நீரை வெளியே இழுக்கும், அந்த நீர் பன்னுக்குள் விடுவதற்குப் பதில் வாணலியிலேயே விட்டு வற்றிப் போகட்டும். கரண்டியால் வாணலியின் நடுவில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அந்தக் கோட்டில் நீர் கசிந்து வந்தால் இன்னும் நேரமிருக்கிறது. கோடு காய்ந்தே இருந்தால் இறக்கலாம். காளானுக்கும் இதே சோதனைதான், ஆனால் பொறுமை அதிகம் வேண்டும். காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மூடாமல், பெரிய தீயில், கொஞ்சம் கொஞ்சமாக வதக்குங்கள். கீரையைக் கொதிநீரில் போட்டு எடுத்து, ஆறியதும் துணியில் முடிந்து முறுக்கிப் பிழியுங்கள். பிழிந்த நீரைப் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

சீஸ் வைக்கிறவர்கள் ஈரம் குறைந்த மொசரெல்லா வகையை வாங்குங்கள். நீரில் மிதக்கும் புது சீஸ் பீட்சாவுக்கு அருமை, மூடிய பன்னுக்கு ஆகாது. துருவியதைவிடக் கட்டியாக வெட்டி, கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து நடுவில் புதைத்தால் மாவு வெந்து இறுகும்வரை உருகி ஓடாமல் தாங்கும். வெறும் சீஸ் மட்டும் வைப்பதை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. சுற்றிக் கொஞ்சம் உருளைக்கிழங்கோ சோளமோ இருந்தால் உருகியதைப் பிடித்துக்கொள்ளும்.

இறைச்சி என்றால் கொத்தியதை முழுக்க வேகவைத்த பிறகே உள்ளே வைக்க வேண்டும். பன் வேகும் இருபது நிமிடத்தில் உள்ளே இருக்கும் பச்சைக் கறி வெந்துவிடும் என்று நம்பாதீர்கள். வெந்த கறியை வடிகட்டியில் கொட்டிக் கொழுப்பை இறக்குங்கள், வாயைத் திறக்கும் மூன்றாவது எதிரி அந்தக் கொழுப்புதான். கறி மிகவும் உலர்ந்து உதிர்ந்தால் மசித்த உருளைக்கிழங்கு இரண்டு கரண்டி சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம். பொடியாக நறுக்கிய வேகவைத்த முட்டையும் வெங்காயத்தாளும் எளிய பூரணம், வெண்ணெய் ஒரு துளி போதும்.

இனிப்புப் பூரணத்தில் ஆப்பிள் கேட்பவர்கள் அதிகம். நறுக்கிச் சர்க்கரையோடு வேகவைத்து, சோள மாவு (கார்ன்ஃப்ளார்) ஒரு தேக்கரண்டி கரைத்து ஊற்றி, கெட்டியானதும் இறக்குங்கள். ஜாமைப் பாட்டிலிலிருந்து அப்படியே வைத்தால் கொதித்துப் பொங்கும். ஜாம் பிடித்தவர்கள் வெறும் பன் செய்து, வெந்த பிறகு பைப்பிங் பையால் உள்ளே ஏற்றிக்கொள்வதே உத்தமம். பேரீச்சை மசித்தது, சாக்லேட் கட்டி இரண்டும் தொல்லை தராது. அன்னாசி, பப்பாளி, கிவி போன்றவற்றைப் பச்சையாக வைக்காதீர்கள். இவற்றில் இருக்கும் நொதி மாவின் புரதத்தையே கரைக்கும், அரை மணி நேரத்தில் மாவு கொழகொழத்துப் பழத்தோடு போய்விடும். வேகவைத்துவிட்டால் அந்த நொதி செயலிழக்கும், பயமில்லை.

எந்தப் பூரணமானாலும் ஆறி, குளிர்ந்தே மாவுக்குள் போக வேண்டும். சூடாக வைத்தால் மாவிலுள்ள வெண்ணெய் இளகும், அந்த இடத்தில் மாவு தளர்ந்து அடி ஓட்டையாகும். முதல் நாளே செய்து ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, கையில் 12 உருண்டை பிடித்துத் தட்டில் அடுக்கிக்கொண்டு ஆரம்பிப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த சுலப வழி. உருண்டை உள்ளங்கையை நனைத்தால் மறுபடி வாணலிக்கு அனுப்புங்கள்.

எழும்பிய மாவை அமுக்கி, 12 பங்காக்கி உருட்டி, ஈரத்துணியால் மூடிப் பத்து நிமிடம் விடுங்கள். அந்த ஓய்வு கொடுக்காமல் தேய்த்தால் மாவு சுருங்கிச் சுருங்கிப் பழைய அளவுக்கே வரும். பிறகு 12 சென்டிமீட்டர் வட்டம், நடு தடிமனாகவும் ஓரம் மெல்லியதாகவும் இருக்கட்டும். ஓரங்களெல்லாம் அடியில் ஒன்றாகக் கூடுமிடத்தில் எப்படியும் தடித்துவிடும், எல்லாம் ஒரே தடிமனாகத் தேய்த்தால் அங்கே கட்டி தட்டும். பூரணம் எடுக்கும் கை வேறு, மாவை மடிக்கும் கை வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் எண்ணெய் பட்டால் ஒட்டாது, உலர்ந்த மாவு பட்டாலும் ஒட்டாது. மாவு பட்டிருந்தால் நனைந்த விரலை ஒரு முறை ஓட்டி, கொசுவம் பிடிப்பதுபோல் சேர்த்து, அழுத்தி, திருகுங்கள். ஒட்டிய பக்கம் அடியில் இருக்கும்படி தட்டில் வைத்தால் பன்னின் எடையே அதை மூடி வைக்கும். அரைவட்டமாக மடிக்கிறவர்கள் முள்கரண்டியால் ஓரத்தை அழுத்திவிட்டு மேலே சிறிதாக ஒரு கீறல் போடுங்கள், ஆவி அந்த வழியாகப் போகட்டும்.

மறுபடி இருபது முதல் முப்பது நிமிடம் எழும்ப விடுங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் மெதுவாகப் பாதி மேலே வர வேண்டும். சட்டென்று வந்தால் இன்னும் நேரம் வேண்டும், அப்படியே ஓவனில் வைத்தால் பக்கவாட்டில் வெடிக்கும். வரவே இல்லையென்றால் கூடுதலாகிவிட்டது.

ஓவனைக் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் சூடேற்றி, 190 டிகிரியில் நடுவுக்குச் சற்றுக் கீழ்த் தட்டில் 18 முதல் 22 நிமிடம். அடிச்சூடு குறைந்தால் அடி வேகாது. மேலே முட்டையோ பாலோ தடவினால் நிறம் வரும். ஓவன் இல்லாதவர்கள் தட்டையாக அமுக்கி, கனமான தோசைக்கல்லில் சிறு தீயில் மூடி போட்டு, பக்கத்துக்கு ஐந்தாறு நிமிடம் சுடலாம். ரஷ்யாவின் பூரண பன்னான பிரோஷ்கியை ஓவனிலும் செய்வார்கள், எண்ணெயிலும் பொரிப்பார்கள். எண்ணெய் என்றால் 170 டிகிரி, அதற்கு மேல் போனால் வெளியே கருகி உள்ளே பச்சையாகும். சீனாவின் பாவ்சி போல ஆவியிலும் வேகவைக்கலாம். 12 முதல் 15 நிமிடம் வைத்து, அடுப்பை அணைத்து மூன்று நிமிடம் கழித்தே மூடியைத் திறக்க வேண்டும், முந்தித் திறந்தால் பன் சுருங்கி அமுங்கிவிடும்.

காய்கறிகளைப் பச்சையாகவே வைத்துச் சாப்பிட விரும்புகிறவர்களுக்கு இந்த முறை பொருந்தாது. அவர்கள் உள்ளே பை போல உப்பும் பீட்டா ரொட்டி செய்து, வெந்த பிறகு பையைத் திறந்து நிரப்பிக்கொள்ளுங்கள். பாலும் வெண்ணெயும் இல்லாத மாவு, அரை சென்டிமீட்டர் தடிமன், ஓவன் எவ்வளவு சூடாகுமோ அவ்வளவு. பன்னைப் பிளக்கிற அதே ஆவிதான் இங்கே ரொட்டியை உப்பவைத்துப் பை ஆக்குகிறது.

மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம், இறைச்சியும் முட்டையும் வைத்தவற்றுக்கு இது கட்டாயம். ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். நன்றாக ஆறவைத்துத் தனித்தனியாகச் சுற்றி ஃப்ரீசரில் போட்டால் இரண்டு மாதம். எடுத்ததும் நேரே 175 டிகிரி ஓவனில் இருபது நிமிடம் வையுங்கள். மைக்ரோவேவில் சூடாகும், ஆனால் மாவு ரப்பராகிவிடும்.

ஈஸ்ட் பாக்கெட்டைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி, காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். சந்தேகம் வந்தால் வெதுவெதுப்பான நீரில் சிட்டிகை சர்க்கரையோடு கலந்து பத்து நிமிடம் பாருங்கள். எங்களிடம் வாங்கியது, தேதி முடியாதது, அப்படியும் நுரைக்கவில்லை என்றால் பாக்கெட்டோடு கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறோம். வாய் பிரிந்த பன்னின் படம் இருந்தால் அதையும் காட்டுங்கள். எங்கே பிளந்திருக்கிறது என்று பார்த்தால் பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடலாம்.

அன்புடன்,
கடையிலிருந்து