'விஎன்சி மென்பொருள் – 1' என்ற வரியைப் பற்றி: கல்லூரிக் கணினி ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கும் கொள்முதல் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். சிறு நகரக் கல்லூரிகள் சிலவற்றின் கணினி ஆய்வகங்களை இருபது ஆண்டுகளாகப் பராமரித்து வருபவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் விலைப்புள்ளி கோருவதற்காக நீங்கள் தயாரிக்கும் பட்டியலில் பிராசசர் எந்தத் தலைமுறை, ரேம் எத்தனை ஜிபி, யுபிஎஸ் எத்தனை கேவிஏ என்பவை எல்லாம் ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதப்பட்டிருக்கும். ஆனால் கடைசிப் பக்கத்தில், ஆன்டிவைரஸுக்கும் பிரின்டர் கேபிளுக்கும் நடுவே, 'விஎன்சி மென்பொருள் – 1' என்று ஒரு வரி தனியாக நிற்கும். நாற்காலி என்று மட்டும் எழுதினால் எந்த மரம், கை வைத்ததா வைக்காததா என்று கேட்கும் தணிக்கையாளர்கூட இந்த வரியைக் கேள்வி கேட்பதில்லை.

ஒரு கணினியின் திரையை வேறொரு கணினியிலிருந்து பார்க்கவும் இயக்கவும் உதவும் விஎன்சி என்பது ஒரு மென்பொருளின் பெயரன்று. ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்த ஒரு குடும்பத்தின் பெயர். ஒலிவெட்டி, ஆரக்கிள் நிறுவனங்களின் ஆதரவில் கேம்பிரிட்ஜில் இயங்கிய ஆய்வகத்தில் 1990களில் அது உருவானது. அந்த ஆய்வகம் பின்னர் ஏடி அண்டு டி நிறுவனத்தின் வசம் சென்றது. (பக்கத்து அறைச் சாடியில் காபி இருக்கிறதா என்று இருந்த இடத்திலிருந்தே பார்ப்பதற்காகக் கேமரா பொருத்திய கேம்பிரிட்ஜ்காரர்களுள் ஒருவரான குவென்டின் ஸ்டாஃபோர்டு-ஃபிரேசர், விஎன்சியை உருவாக்கியவர்களுள்ளும் ஒருவர். எழுந்து நடக்கச் சோம்பல்பட்டவர்களுக்கு நம் தொழில் மிகவும் கடன்பட்டிருக்கிறது.) யாரும் எடுத்து மாற்றி வெளியிட இடம் தரும் ஜிபிஎல் உரிமத்தில் மூலநிரல் வெளியிடப்பட்டதால், 2002இல் ஆய்வகம் மூடப்பட்டபோது விஎன்சி சாகவில்லை. அங்கே பணியாற்றியவர்கள் ரியல்விஎன்சி நிறுவனத்தைத் தொடங்கினார்கள்; குறைந்த வேக இணைப்புகளுக்காகத் திரையின் படத்தை இறுக்கி அனுப்பும் டைட்விஎன்சியும், விண்டோஸுக்கென்றே வசதிகளைக் கூட்டிய அல்ட்ராவிஎன்சியும் வேறு கைகளில் வளர்ந்தன; டைட்விஎன்சியிலிருந்து 2009இல் டைகர்விஎன்சி கிளைத்தது. இவை அனைத்தும் ஆர்எஃப்பி என்ற ஒரே நெறிமுறையைப் பேசுவதால், ஒன்றின் வியூவரைக் (பார்ப்பவர் கணினியில் ஓடும் நிரல்) கொண்டு மற்றொன்றின் சர்வரைப் (பார்க்கப்படும் கணினியில் ஓடும் நிரல்) பெரும்பாலும் திறந்துவிடலாம். எல்லாம் ஒன்றுதான் என்ற எண்ணம் வேரூன்றியதற்கு இந்த வசதியே காரணம் என்று நினைக்கிறேன்.

அந்த எண்ணத்தின் விலையை ஒரு கல்லூரியில் நேரில் கண்டேன். அங்கே மூன்று ஆண்டுகளில் மூன்று விற்பனையாளர்கள் அந்த ஒற்றை வரியை நிறைவேற்றியிருந்தார்கள்: அலுவலகத்தில் டைட்விஎன்சியின் 1.3 பதிப்பு, ஆய்வகத்தில் அல்ட்ராவிஎன்சி, முதல்வர் அறையில் சோதனைக் காலம் முடிந்துபோன ரியல்விஎன்சி. இருப்புப் பதிவேட்டில் மூன்றுக்கும் ஒரே பெயர். கல்லூரியின் பெயரோடு ஆண்டைச் சேர்த்து, பன்னிரண்டு எழுத்தில் ஒரு கடவுச்சொல்லை அலுவலகத்திலும் ஆய்வகத்திலும் வைத்திருந்தார்கள். நீளமாக இருப்பதால் வலுவானது என்று நம்பினார்கள். விஎன்சியின் பழைய அடையாளச் சோதனை கடவுச்சொல்லின் முதல் எட்டு எழுத்துகளை மட்டுமே கணக்கில் கொள்ளும், மீதியைச் சத்தமில்லாமல் உதறிவிடும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆண்டுதோறும் கடைசி நான்கு இலக்கத்தைக் கவனமாக மாற்றி வந்தார்கள். உண்மையில் எதுவுமே மாறவில்லை. ஒரு மாணவர் இதைக் கண்டுபிடித்து, அக மதிப்பெண் பட்டியல் தட்டச்சாகிக் கொண்டிருந்த அலுவலகத் திரையைத் தன் இருக்கையிலிருந்தே பார்த்துக் கொண்டிருந்தார். அவரைத் தண்டிப்பதா என்று மூன்று கூட்டங்கள் நடந்தன. மென்பொருளை மாற்றுவது பற்றி ஒரு கூட்டமும் நடக்கவில்லை.

அந்த எட்டு எழுத்துக்கும் ஒரு காரணம் உண்டு. பழைய சோதனை டிஇஎஸ் என்ற மறையாக்க (என்கிரிப்ஷன்) முறையைப் பயன்படுத்துகிறது. அதன் திறவுகோல் 56 பிட் நீளமே உடையது; எழுத்துக்கு ஏழு பிட் வீதம் எட்டு எழுத்தோடு அது நிரம்பிவிடும். அத்தகைய திறவுகோலை 56 மணி நேரத்தில் கண்டுபிடித்துக் காட்டும் இயந்திரத்தை எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் அமைப்பு 1998இலேயே செய்துவிட்டது. அதைவிடப் பெரிய குறை, அந்தப் பாதுகாப்பும் வாசலோடு முடிந்துவிடுவது. உள்ளே நுழைந்த பிறகு திரையில் தெரிவதும் விசைப்பலகையில் தட்டுவதும் மறையாக்கமின்றியே கம்பியில் பயணம் செய்யும். விண்டோஸுக்கான டைட்விஎன்சி 2 வரிசையில்கூட இதுவே நிலை. வெளி இணைப்பில் பயன்படுத்துவதானால் எஸ்எஸ்எச் அல்லது விபிஎன் என்ற மறையாக்கச் சுரங்கத்துக்குள் வைத்துத்தான் அதை ஓட்ட வேண்டும். டைகர்விஎன்சியில் டிஎல்எஸ் மறையாக்கம் உள்ளேயே இருக்கிறது. அல்ட்ராவிஎன்சியில் அதற்கெனத் தனிச் செருகுநிரலைச் சேர்க்க வேண்டும், சேர்த்து வைத்த ஆய்வகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. ரியல்விஎன்சியின் கட்டணப் பதிப்புகளில் மறையாக்கமும் கணினிக் கணக்கு வழியான நுழைவும் உண்டு. ஆனால் ஆண்டுச் சந்தாவை யார் கட்டுவது என்ற கேள்வி ஒவ்வொரு நிதியாண்டிலும் புதிதாக எழும்.

பெயரைப் போலவே பதிப்பு எண்ணும் ஏன் முக்கியம் என்பதற்கு 2006இல் நடந்ததைச் சொல்லலாம். ஆர்எஃப்பியின் தொடக்கக் காலப் பதிப்பான 3.3இல் எந்தச் சோதனை நடக்க வேண்டும் என்பதைச் சர்வர் தீர்மானிக்கும். பின்வந்த பதிப்புகளில் சர்வர் ஒரு பட்டியலைத் தர, வியூவர் அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். ரியல்விஎன்சி 4.1.1இன் சர்வர், வியூவர் தேர்ந்தெடுத்த முறை தான் கொடுத்த பட்டியலில் இருந்ததா என்று சரிபார்க்கத் தவறியது. வாயிற்காவலர் 'அடையாள அட்டை காட்ட வேண்டும்' என்று சொல்ல, வந்தவர் 'அட்டை வேண்டாத வழியில் வருகிறேன்' என்று சொல்ல, காவலரும் தலையாட்டிக் கதவைத் திறந்துவிட்டது போன்ற பிழை அது. 4.1.2இல் திருத்திவிட்டார்கள். கடைசி இலக்கம் ஒன்றுதான் மாறியது. ஆனால் பூட்டிய கதவுக்கும் திறந்த கதவுக்கும் இடையிலான வேறுபாடு அந்த இலக்கத்தில்தான் இருந்தது.

2019இல் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதே குடும்பத்தைச் சேர்ந்த லிப்விஎன்சி, டைட்விஎன்சி 1 வரிசை, டர்போவிஎன்சி, அல்ட்ராவிஎன்சி ஆகிய நான்கையும் ஆராய்ந்து 37 பாதுகாப்புக் குறைகளை வெளியிட்டார்கள். பெரும்பகுதி அல்ட்ராவிஎன்சியில் இருந்தது என்பதைக் கேட்டு அதை ஒதுக்கிவிட வேண்டாம். அதை எழுதியவர்கள் குறைகளைத் திருத்திப் புதிய பதிப்பு வெளியிட்டார்கள். குறைகள் சிலவே கண்டறியப்பட்ட டைட்விஎன்சி 1 வரிசைதான் எனக்குக் கவலை தருவது, ஏனெனில் அந்த வரிசையைத் தாங்கள் இனிப் பராமரிப்பதில்லை என்று சொல்லி அதை எழுதியவர்கள் திருத்தம் தரவில்லை. நம் ஆய்வகங்களில் பழைய சிடியிலிருந்தும் பென்டிரைவிலிருந்தும் இன்றுவரை நிறுவப்படுவது பெரும்பாலும் அந்த 1.3தான் என்பது என் அனுபவம். அளவில் சிறியது, பழகியது, எந்தப் பழைய கணினியிலும் ஓடுவது என்பதால் விற்பனையாளருக்கு அதன்மேல் ஒரு வாஞ்சை.

இனித் தமிழ்த் துறைகளும் அலுவலகப் பணியாளர்களும் என்னிடம் அடிக்கடி சொல்லும் ஒரு குறைக்கு வருகிறேன். கொள்முதல் பட்டியல் தயாரிக்கும் யாரும் இதைக் கருதிப் பார்த்ததாகத் தெரியவில்லை. தொலைவில் உள்ள கணினியில் தமிழ் உரையை நகலெடுத்துத் தம் கணினியில் ஒட்டினால் எழுத்துகளுக்குப் பதில் கேள்விக்குறிகள் வரிசையாக வந்து விழுகின்றன என்பதே அது. வைரஸ் என்று சொல்லி ஃபார்மட் செய்தவர்களும் உண்டு. உண்மைக் காரணம் நெறிமுறையிலேயே இருக்கிறது. 2011இல் ஆர்எஃப்சி 6143 என்ற இணைய நெறிமுறை ஆவணமாகப் பதிவான ஆர்எஃப்பியின் அடிப்படை வடிவத்தில், நகலெடுத்த உரையை அனுப்பும் செய்தி லத்தீன்-1 எழுத்துகளை மட்டுமே ஏற்கும். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கு அப்பால் உள்ள எழுத்துகளை அனுப்ப அதில் வழியே கிடையாது. யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடம் அந்த எல்லைக்கு வெகுதொலைவில் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழ் வடிவங்களை அமர்த்தியவை ஆதலால், அவற்றில் தட்டச்சு செய்த உரை இந்த லத்தீன் வாசலை எளிதாகத் தாண்டி வந்துவிடும். 'பாமினியில் அடித்தால் சரியாக வருகிறது, யூனிகோடில்தான் கோளாறு' என்று ஓர் அலுவலகக் கண்காணிப்பாளர் என்னிடம் வாதிட்டபோது அவர் கண்டது பொய்யில்லை. கோளாறு யூனிகோடில் இல்லை, அவர் கணினியில் நிறுவியிருந்த பழைய விஎன்சியில் இருந்தது. தமிழக அரசு 2010இல் யூனிகோடை ஏற்று ஆணையிட்ட பிறகும், ஒரு மென்பொருளின் பதிப்பு எண் ஓர் அலுவலகத்தைப் பழைய எழுத்துருவில் பிடித்து வைத்திருந்தது. யூனிகோடு உரையைச் சேதமின்றி அனுப்பும் நீட்டிப்பு பின்னர் உருவாக்கப்பட்டது. டைகர்விஎன்சியின் அண்மைப் பதிப்புகளிலும் அல்ட்ராவிஎன்சியிலும் அது இருக்கிறது. ஆனால் சர்வர், வியூவர் ஆகிய இரு முனைகளிலும் அது இருந்தால்தான் பயன். ஒரு முனையில் புதியதையும் மறு முனையில் 1.3ஐயும் வைத்தால் மீண்டும் கேள்விக்குறிகள்தாம். தட்டச்சு செய்வதற்கு ஒரு சிறு நடைமுறை போதும்: தமிழ்99 விசைப்பலகையைத் தொலைவில் உள்ள கணினியில் மட்டும் இயக்கி, தம் கணினியை ஆங்கிலத்திலேயே விட்டால் பெரும்பாலும் சிக்கல் வராது.

எது எதற்குப் பொருந்தும் என்பதில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் சர்வர் ஒன்றை வைத்துக் கொண்டு முப்பது மாணவர்களுக்கு ஆளுக்கொரு தனித் திரை தர வேண்டுமானால் டைகர்விஎன்சிக்கு நிகரில்லை. முப்பரிமாண வரைகலைப் பாடம் நடத்தும் துறைக்கு மட்டும் டர்போவிஎன்சியை எண்ணிப் பார்க்கலாம். விண்டோஸ் கணினிகளைப் பராமரிக்க, கோப்பு அனுப்பும் வசதியும் விண்டோஸ் கணக்கு வழியே நுழையும் வசதியும் உடைய அல்ட்ராவிஎன்சியின் நடப்புப் பதிப்பு போதும். ஆசிரியர் தம் மேசையிலிருந்து எல்லா மாணவர் திரைகளையும் பார்க்கவும் பூட்டவும் வேண்டும் என்பதற்காகத்தான் பல கல்லூரிகள் விஎன்சியைக் கேட்கின்றன; அந்தத் தேவைக்கு, முன்பு ஐடால்க் என்றும் இப்போது வேயான் என்றும் அழைக்கப்படும் கட்டற்ற மென்பொருளே சரியானது. அதன் உள்ளேயும் விஎன்சி நுட்பமே ஓடுகிறது, ஆனால் நுழைவுக்கு எட்டு எழுத்துக் கடவுச்சொல்லை நம்பியிராமல் திறவுகோல் கோப்புகளைப் பயன்படுத்தலாம்.

விண்டோஸுடன் வரும் ரிமோட் டெஸ்க்டாப் இருக்க விஎன்சி எதற்கு என்று கேட்போருக்கு: அதில் நுழைந்தால் எதிர் முனையில் உள்ள திரை பூட்டிக் கொள்ளும், ஆகவே காட்டிக் கற்பிக்க உதவாது, விண்டோஸ் ஹோம் பதிப்புள்ள கணினிக்குள் அதன் வழியே நுழையவும் முடியாது. ஒருவர் தம் கணினியில் தொலைவிலிருந்து வேலை செய்வதற்கு அதுவே மேல். தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவற்றின் இலவசப் பயன்பாடு தனிநபருக்கு மட்டுமே உரியது. கல்லூரி அலுவலகத்தில் அதை ஓட்டுவது உரிம மீறல். அழைத்தவர் சொன்னதைக் கேட்டு எனிடெஸ்கை நிறுவியவர்களின் வங்கிக் கணக்கில் பணம் திருட்டுப் போகும் அபாயம் பற்றி ரிசர்வ் வங்கி 2019இலேயே எச்சரித்தது; கட்டணப் பிரிவில் உள்ள கணினிகளிலாவது அதை நீக்கிவிடுங்கள்.

ஆகவே நான் வேண்டுவது இதுதான். அடுத்த பட்டியலில் அந்த ஒற்றை வரிக்குப் பதிலாக, மென்பொருளின் முழுப்பெயர், நிறுவும் நாளில் அதை எழுதியவர்கள் பராமரித்து வரும் பதிப்பு, மறையாக்கம் இயங்கும் நிலையில் ஒப்படைத்தல், யூனிகோடு தமிழ் உரை இரு திசையிலும் சேதமின்றி நகலாவதைச் செய்து காட்டுதல், மூன்று ஆண்டுகளுக்குப் புதிய பதிப்புகளை நிறுவித் தருதல் ஆகியவற்றை எழுதுங்கள். இவற்றுள் பெரும்பாலானவை இலவச மென்பொருள்கள் என்பதால் நீங்கள் பணம் கொடுப்பது உழைப்புக்கே. அந்த உழைப்பு என்ன என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும். இணைப்புப் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்கவும், அத்துமீறல் தெரியவந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரலில் இட்ட ஆணையையும் விற்பனையாளரிடம் காட்டுங்கள்.

அதற்கு முன், இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பணிப்பட்டையின் ஓரத்தில் உள்ள விஎன்சி சின்னத்தில் வலச் சொடுக்குச் செய்து, பதிப்பு எண்ணைப் பார்த்து, ஒவ்வொரு கணினிக்கும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். 1.3 என்று தெரியும் கணினிகளில் அன்றே அதை நீக்கிவிடுங்கள். பிறகு இணைய இணைப்புத் தரும் ரவுட்டரில் விஎன்சி வழக்கமாகப் பயன்படுத்தும் 5900 என்ற போர்ட் வெளியே திறந்துவிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 'இருந்துவிட்டுப் போகட்டும், வீட்டிலிருந்து பார்க்க வசதி' என்று யாராவது சொன்னால், அது யாருடைய வீட்டிலிருந்து என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வகப் பராமரிப்பாளர்