நுனி வளைந்தால் தட்டலாம், அடியில் விரிசல் விட்டால்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகளைக் கரையேற்றிச் சீரமைக்கும் வேலை மும்முரமாக நடப்பதாகப் படத்தோடு செய்தி போட்டிருந்தீர்கள். படத்தில் பெயின்ட் அடிப்பவர்கள்தான் இருந்தார்கள். படகுக்கு அடியில் சுழன்று அதைத் தள்ளும் ப்ரொப்பல்லரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எங்கள் விசைப்படகின் கணக்கு நோட்டு என் கையில் இருப்பதால் நான் எழுதுகிறேன்.

கடுவையாறு முகத்துவாரம் மணல் மேவிக் கிடப்பது நாகை பக்கம் எல்லோருக்கும் தெரியும். எங்கள் படகு அங்கே அடி தட்டியதில் ப்ரொப்பல்லரில் ஒரு இறக்கையின் நுனி மடங்கி, பக்கத்து இறக்கையில் ஓரம் பெயர்ந்துவிட்டது. "சூடு காட்டித் தட்டி, பற்றவைத்துத் தர்றேன், புதுசு எதுக்கு?" என்றார் பட்டறைக்காரர். நுனிப்பக்கம் மட்டும் என்றால் அவர் சொல்வது சரிதான்.

என் வீட்டுக்காரர் விடவில்லை. ப்ரொப்பல்லரைக் கயிற்றில் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு இறக்கையாகத் தட்டினார். மற்றவை கணீரென்றன, ஒன்று மட்டும் 'டொக்' என்றது. அந்த இறக்கை நடுவில் இருக்கும் குடத்தோடு சேரும் இடத்தைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, துணியால் நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவினார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் பொடியில் தலைமுடி கனத்துக்கு ஈரக் கோடு ஒன்று எழுந்தது. விரிசலுக்குள் போன எண்ணெய்தான் கசிகிறது. அதோடு பேச்சு முடிந்தது. இறக்கை தாங்கும் பாரமெல்லாம் அந்த அடியில்தான் இறங்குகிறது. பெரிய கப்பல்களுக்கே அந்த இடத்தில் பற்றவைக்கப் பொதுவாக அனுமதி கிடையாது.

சுரண்டிய இடம் வேறு இளஞ்சிவப்பாக இருந்தது. ப்ரொப்பல்லருக்கு மாங்கனீஸ் வெண்கலம் என்று விற்பது, ஏறக்குறைய 40 சதவீதம் துத்தநாகம் கலந்த பித்தளை வகைதான். உப்புத் தண்ணீர் துத்தநாகத்தைத் தின்றுவிட்டால் செம்பு நிறம் வெளியே தெரியும்; உலோகத்தில் வலு இருக்காது. அதில் பற்றவைப்பது காசைக் கடலில் போடுகிற வேலை. நல்ல உலோகமாக இருந்தாலும், பற்றவைத்த பிறகு சூடேற்றி மெதுவாக ஆறவிடாவிட்டால் பற்றின் பக்கத்திலேயே பிளக்கும். அந்த வசதி எத்தனை பட்டறையில் இருக்கிறது?

பழசை எடைக்குப் போட்ட காசைக் கழித்தபோது புதுசின் விலை அவ்வளவு பயமுறுத்தவில்லை. யாரோ கழற்றிய பழைய ப்ரொப்பல்லர் மலிவாக வந்தது, வேண்டாம் என்றோம். விட்டமும், ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் தள்ளும் என்கிற பிட்ச் அளவும் நம் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் பொருந்தாவிட்டால் இன்ஜின் திணறிக் கரும்புகை கக்கும்.

தட்டிச் சரிசெய்வதே போதும் என்கிறவர்களும் எல்லா இறக்கையிலும் பிட்ச் ஒன்றாக இருக்கிறதா, எடை சமமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இல்லையென்றால் ஷாப்ட் ஆடும், ஷாப்ட் படகுக்குள் நுழையும் இடத்தை அடைக்கும் கிளாண்டு வழியாகத் தண்ணீர் ஏறும், டீசல் கூடுதலாகப் போகும். டீசலும் ஐஸும் கழித்த பிறகுதானே பங்கு பிரிக்கிறோம்? முதலாளி மிச்சம் பிடித்த செலவு தொழிலாளியின் பங்கில் விழுகிறது. படகில் போகிற யாரும் இதைக் கேட்பதில்லை. எனக்கு அது உறுத்துகிறது.

தடைக்காலமான 61 நாளுக்குள் மீன்வளத்துறையினர் வந்து பதிவெண், இன்ஜின், பாதுகாப்புக் கருவிகள் எல்லாம் பார்க்கிறார்கள். படகு கரையில் இருக்கும் அதே நேரத்தில் ப்ரொப்பல்லரையும் பார்க்க ஏற்பாடு செய்யலாம். சிவப்புச் சாயம் தெளித்து விரிசல் பார்க்கும் சோதனைக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை, சில ஸ்பிரே டப்பாக்களும் பழகிய ஆள் ஒருவரும் போதும். சமநிலை பார்க்கும் ஸ்டாண்டு ஒன்றையும் துறைமுகத்தில் வைத்தால், கட்டணம் கொடுத்துப் பார்த்துக்கொள்ள நாங்கள் தயார்.

இப்படிக்கு,
படகு உரிமையாளர் ஒருவரின் மனைவி,
அக்கரைப்பேட்டை, நாகப்பட்டினம்.